உயிரோடிருந்தவளுக்கு அடித்த மணி

கடற்கரைச் சனத்திடம் எதையும் கேட்கலாம். மீன் கேட்டால் கையில் அகப்பட்டதை அள்ளித் தருவார்கள். ஆஸ்பத்திரிக் கூரைக்குத் தகரம் ஏற்ற ஆள் வேண்டும் என்றால் பாதி பின்னிய வலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ரத்தம் மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் அதுவரை சிரித்துக்கொண்டு நின்ற முகம் சட்டென்று மாறிவிடும். "அதுக்கென்ன மிஸ்ஸி, பிறகு பாப்பம்" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். அந்தப் 'பிறகு' என் ஆயுளில் வராது என்று எனக்குத் தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போகிறவரின் முதுகைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லாமல் விட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மிஸ்ஸியாக இருந்தது ஊர்காவற்றுறைக் கரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு தர்ம ஆஸ்பத்திரியில். இரண்டு வாட்டு, ஒரு பிரசவ அறை, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்பெட்டி, சமையலுக்கு, மழைக்கு ஒழுகும் ஒரு குசினி, அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. ஆனால் நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் லோஞ்சில் குறிகட்டுவானுக்கு வந்து இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலும் சைக்கிளிலும் மாறி மாறி எங்களிடம் வருவார்கள். ஒருவரிடமும் காசு வாங்குவதில்லை. சுகமாகிப் போகிறவர்கள் முருங்கைக்காயோ கருவாடோ கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

நான் புங்குடுதீவுச் சைவக்காரி. அண்ணன்மார் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார்கள், பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்கள். "உனக்கென்ன விசரே, அங்கை ஆருக்கு ஊசி போட்டுக்கொண்டு இருக்கிறாய்?" என்று தொலைபேசியில் கேட்பார்கள். "குளிருக்குள்ள விறைக்கிறதைவிட இது திறம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். எங்கள் பெரிய சிஸ்டர் அதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் கன்னியாஸ்திரி மட்டுமல்ல, படித்த டொக்டரும்கூட. மெல்லிய குரல். அவர் பேசினால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காது, நான் பேசினால் இறங்குதுறைக்குக் கேட்கும் என்று வாட்டில் பகிடி பண்ணுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து, இடிந்த சுவர்களுக்கு மேல் ஓலையைப் போட்டுக்கொண்டு தொழிலைத் தொடங்கியிருந்த காலம். கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டும், விடிந்த பிறகுதான் வள்ளம் இறக்கலாம். யாழ்ப்பாணம் போகிற தரைவழி எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று கடவுளுக்கும் தெரியாது. ரத்த வங்கியோ யாழ்ப்பாணத்தில். ஆகவே எங்கள் குளிர்பெட்டியில் எப்போதும் கொஞ்சம் ரத்தம் இருக்க வேண்டும் என்று சிஸ்டர் நினைத்தார். நினைத்து என்ன பயன், கொடுக்க ஆள் வேண்டுமே.

ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் வளவில் மேசை போட்டோம். இங்கே கோயில் என்பது மாதா கோயில்தான், ஆஸ்பத்திரிக்கு அடுத்த வளவு. பூசைக்கு வந்த ஆம்பிளைகள் எங்கள் மேசையைக் கண்டதும் பக்கத்துக் கதவால் நழுவினார்கள். பாதர் கொடுத்தார். பள்ளிக்கூட அதிபர் கொடுத்தார். மூன்றாவதாக வந்தவர் காலையிலேயே கள்ளுக் குடித்திருந்தார், அவரைத் திருப்பி அனுப்பினோம். நாலாவதாக ஒரு இளந்தாரி வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு சேட்டுக் கையை மடித்தான். கலியாணம் முடித்து மாதக்கணக்குத்தான் ஆகியிருந்தது அவனுக்கு. எனக்கென்றால் வாயெல்லாம் பல்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் காதைப் பிடித்தது. அவனுடைய தாய். சந்தையில் மீன் விற்கிற மனுசி, புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். ஊரில் என் வாய்க்கு ஈடுகொடுக்கக்கூடிய ஒரே வாய் அவளுடையதுதான்.

"ரத்தத்தைக் குடுத்துப்போட்டு நாளைக்கு இவன் எப்பிடி வலை இழுக்கிறது? உங்கட சிஸ்டரே வந்து இழுக்கப்போறா?"

"அக்கா, எடுக்கிற ரத்தம் தானாக ஊறும். ஒண்டும் செய்யாது."

"உமக்கு ஊறும். நீர் இருந்துகொண்டு ஊசி போடுறனீர். அவன்ர கையில பலம் குறைஞ்சால் அடுப்பில உலை வைக்கிறது ஆர்?"

மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் காதைத் தடவியபடி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவள் சொன்னதுக்குத் தலையாட்டினார்கள். அதுதான் அந்தக் கரையின் நம்பிக்கை: ரத்தம் கொடுத்த கை வலை இழுக்காது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் மேசையை மடிக்கும்போது என் விரலையே நசுக்கிக்கொண்டேன்.

அதே மனுசியின் மருமகள்தான் சில மாதம் கழித்துப் பிள்ளைப் பேற்றுக்கு எங்களிடம் வந்தாள். மெலிந்த பெட்டை. பின்னேரம் நோக்காடு தொடங்கிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விடிய விடிய மாமியார் விறாந்தை வாங்குப் பலகையில் செபமாலையோடு குந்தியிருந்தாள். மகனும் அவள் காலடியில் இருந்தான். விடிந்ததும், "பிள்ளை பெறுறது பொம்பிளையளின்ர வேலை. நீ இதில நிண்டு என்ன செய்யப்போறாய்? போய்த் தொழிலைப் பார்" என்று அவனைக் கலைத்துவிட்டாள். அவன் போன கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, நல்ல சத்தமான பிள்ளை. பேத்தியைத் துணியில் சுற்றி மாமியாரின் கையில் கொடுத்தேன். "மூக்கு எங்கட ஆக்களின்ரதுதான்" என்று சொன்னாளே தவிர, கண் கலங்கியதை என்னிடமிருந்து மறைக்க முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே திரும்பிப் போனபோது சிஸ்டரின் முகம் சரியில்லை. கட்டில் விரிப்பைப் பார்த்தேன். அது முழுக்க நனைந்திருந்தது. பிள்ளை பெற்றால் ரத்தம் போவது வழமைதான், ஆனால் இது நிற்கிற மாதிரி இல்லை. ஊசி மருந்து போட்டோம். சிஸ்டர் அடிவயிற்றை அமத்திப் பிசைந்துகொண்டே இருந்தார். சேலைன் ஏற்றினோம். குளிர்பெட்டியில் இருந்தது ஒரேயொரு போத்தில், அதையும் ஏற்றினோம். ரத்தப்போக்கு மெல்லக் குறைந்தது. ஆனால் அதுவரை போனது போனதுதான். பெட்டையின் உதடு கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. நாடி ஓடியது பிடிபடவே கஷ்டமாக இருந்தது.

யாழ்ப்பாணத்து ரத்த வங்கிக்கென்று வானை எடுத்துக்கொண்டு போன ஆஸ்பத்திரிச் சாரதி முதல் காவலிலேயே திருப்பப்பட்டு வந்தார். மண்டைதீவுப் பக்கம் வழி மூடியிருக்கிறதாம், பின்னேரத்துக்கு முன் ஒரு சைக்கிளும் போக முடியாதாம்.

"பின்னேரம் மட்டும் இவள் தாங்கமாட்டாள்," என்றார் சிஸ்டர். அதையும் மெல்லிய குரலில்தான் சொன்னார். "இப்பவே ரத்தம் வேணும். ஓ குறூப். இஞ்சை ஆரிட்டை இருக்கு?"

சிஸ்டருக்கு வேறு குறூப். ரத்தம் சோதிக்கிற அண்ணைக்கும் வேறு. என்னுடையது ஏபி. ஆரிடமும் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்கப் போனால் அநேகமாக ஒருவருக்கும் உதவாது. எனக்கு வாய்த்த ரத்தமும் அப்படி.

"ஓடிப்போய்ப் பாதரிட்டைச் சொல்லி அவசர மணி அடிப்பியுங்கோ, மிஸ்ஸி. ஆம்பிளையள் கடலுக்கு இறங்க முன்னம்."

ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. பாதர் முதல் நாள் யாழ்ப்பாணம் போனவர், வழி மூடியதால் அங்கேயே அகப்பட்டுவிட்டார். மணி அடிக்கிறவரின் வீடு ஊரின் மற்ற முனையில். கரையைப் பார்த்தேன். சில வள்ளங்கள் தண்ணீரில் இறங்கிவிட்டன, மற்றவர்கள் மணலில் தள்ளிக்கொண்டு நின்றார்கள். யோசிக்க நேரமில்லை. மணிக்கூண்டுக்குள் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

எங்கள் ஊர்ச் சிவன் கோவில் மணியை ஒரு விரலால் ஆட்டலாம். இது வெள்ளைக்காரன் காலத்து மணி. என் நிறை அப்போது ஒரு மூட்டை அரிசிக்கும் குறைவு. முதல் இழுப்பில் மணி அசையவேயில்லை. பிறகு கயிற்றில் தொங்கினேன். டாங் என்று ஒரு அடி விழுந்தது. கயிறு மேலே போகும்போது என்னையும் தூக்கிக்கொண்டு போனது. கால் நிலத்தில் பட்டதும், மூச்சு வாங்கி, "முருகா" என்று சொல்லித் திரும்பவும் தொங்கினேன். இன்னொரு அடி. மூச்சு. முருகா. இன்னொரு அடி. உள்ளங்கை தோல் உரிந்தது. என் மனதுக்குள் நான் அடித்தது அவசர மணி. கெதியாய் வாருங்கோ, கெதியாய் வாருங்கோ என்று அழுதுகொண்டே அடித்தேன்.

வந்தார்கள். நான் எதிர்பார்த்ததைவிடக் கெதியாகவே வந்தார்கள். ஆனால் வந்த விதம்தான் எனக்கு விளங்கவில்லை. ஆம்பிளைகள் தலையில் கட்டியிருந்த துவாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். ஒரு பெண் மெழுகுதிரியோடு வந்தாள். இன்னொருத்தி வரும்போதே மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். தண்ணீரில் இறங்கிய வள்ளங்களெல்லாம் திரும்பிக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. மணி அடிக்கிறவர் சேட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் ஓடி வந்து என் கையிலிருந்த கயிற்றைப் பறித்தார்.

"பிள்ளை, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை! ரத்தம் வேணும்!"

"பிறகென்ன இழவுக்குத் துக்க மணி அடிச்சனீர்?"

அப்போதுதான் எனக்குப் பாடம் நடந்தது. அவசரம் என்றால் மணி விடாமல், கடகடவென்று அடிக்க வேண்டும். ஒரு அடி, இடைவெளி, ஒரு அடி, இடைவெளி என்று அடித்தால் அது துக்க மணி. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை நடக்கப் பழகும்போதே அறிந்துவிடுகிற விஷயம் அது. அடுத்த வளவிலேயே வேலை செய்துகொண்டிருந்த எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த மணியைக் கடகடவென்று அடிக்க என் உடம்பில் சத்து இருக்கவில்லை.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பிறகு சிஸ்டர் சொல்லித்தான் அறிந்தேன். வாங்கில் இருந்த மாமியாரின் காதில் துக்க மணி விழுந்திருக்கிறது. நான் தலை தெறிக்க ஓடியதையும் பார்த்தவள். வேறு என்ன நினைப்பாள்? மருமகள் போய்விட்டாள், தனக்குச் சொல்லாமல் மணியும் அடித்துவிட்டார்கள் என்று, பேத்தியை நெஞ்சோடு அணைத்தபடி குழறிக்கொண்டு பிரசவ அறைக்குள் பாய்ந்திருக்கிறாள். "ஐயோ என்ர ராசாத்தி, நான் பாத்துப் பாத்துக் கொண்டுவந்த கிளியே" என்று கட்டிலில் விழுந்து ஒப்பாரி வைத்திருக்கிறாள். அதுவரை மருமகளை ஒருநாளும் அவள் கிளி என்று கூப்பிட்டதை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. பெட்டை மெல்லக் கண்ணைத் திறந்து, "மாமி, ஏன் குழறுறியள்? ஆர் செத்தது?" என்று கேட்டாளாம்.

நான் ஊரையே பின்னால் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது, பேத்தியை உள்ளே கிடத்திவிட்டு மாமியார் படியில் வந்து நின்றாள். என்னைக் கண்டதும் பத்திரகாளி ஆனாள்.

"எடியே, உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ சாவு மணி அடிச்சனீ? உன்ர கை முறிய! அவளுக்கு ஒண்டு நடந்தால் உன்னை நான் உயிரோட விடமாட்டன்!"

கூட்டமும் என்மேல் பாய்ந்தது. நாலைந்து வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி ஒருவர் முன்னுக்கு வந்தார். "மிஸ்ஸி, மணி அடிச்சாச்சு. துக்க மணி கேட்ட நாளில எங்கட கரையில ஒருத்தரும் கடலுக்கு இறங்கமாட்டினம். செத்தினமோ சாகேல்லையோ, கேட்டது கேட்டதுதான். இண்டைக்கு ஊருக்கே தொழில் இல்லாமல் பண்ணிப்போட்டீர்."

என் கையில் தோல் உரிந்து எரிந்தது. உள்ளே ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள். வெளியே நின்று இவர்கள் எனக்கு மணி அடிக்கப் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். மூக்குக்கு மேல் வந்துவிட்டது எனக்கு.

"ஓம், தொழில் இல்லை! அதுக்கிப்ப என்ன? அண்டைக்கு மேசை போட்டுக் கேட்டனான். ரத்தம் குடுத்தால் வலை இழுக்க ஏலாது எண்டு சொன்னீங்கள். இண்டைக்கு ஆர் வலை இழுக்கப்போறியள்? சொல்லுங்கோ பாப்பம்! கை சும்மாதானே இருக்கு? நீட்டுங்கோவன்!"

சம்மாட்டி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சொன்னதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர் தேடுகிறார் என்பது நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. இத்தனை காலப் பயம் ஒரு நிமிடத்தில் போய்விடுமா?

அசைந்தது மாமியார்தான். படியிலிருந்து இறங்கி வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, தன் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்ரையை எடு."

"அக்கா, உங்களுக்குப் பிரசர் இருக்கு. சிஸ்டர் விடமாட்டா."

"மீன் கடகம் சுமந்த உடம்பு இது. எடு எண்டுறன்!"

"ஏலாது அக்கா." அவளிடம் முதல் தடவையாக நான் மெதுவாகப் பேசினேன்.

அவள் நீட்டிய கையை மடக்கினாள். பிறகு திரும்பிக் கூட்டத்துக்குள் இறங்கினாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு மகனின் காதைப் பிடித்த அதே கை, இப்போது சம்மாட்டியின் மணிக்கட்டைப் பிடித்தது.

"எடேய், நீ என்ர மருமோளின்ர செத்த வீட்டுக்கெண்டுதானே வந்தனீ? செத்த வீட்டுக்கு வந்தவன் ஒரு கை குடுக்காமல் போவானோ? குழி வெட்டுற கையாலதானே குடுக்கப்போறாய்? வா!"

அந்தக் கரையில் செத்த வீட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. பந்தல் போட ஒருவர், பெட்டி செய்ய ஒருவர், குழி வெட்ட நாலு பேர். ஒன்றும் செய்யாமல் வந்து போனால் அது பெரிய மரியாதைக்குறைவு. அவள் பிடித்த பிடியில் சம்மாட்டியால் தலையைத் தூக்க முடியவில்லை. படியேறினார். அவர் ஏறியதும் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ரத்தம் சோதிக்கிற அண்ணை விறாந்தையில் மேசையைப் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

சம்மாட்டியின் ரத்தம் ஓ. ஊசி ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மாதாவை விடாமல் கூப்பிட்டார். முடிந்ததும் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பக்கத்தில் ஆக்கள் இருக்கப் போட்டிருந்த மரக் கதிரையை நாலு காலும் எழும்பத் தூக்கிப் பார்த்து, கீழே வைத்தார். "தூக்க ஏலுது," என்று வரிசையில் நின்றவர்களுக்கு அறிவித்தார். அந்தச் செய்தி வாசல் வரைக்கும் போனது. கதிரையைத் தூக்கிப் பார்ப்பது அதன் பிறகு ஒரு சடங்காகிவிட்டது. கொடுத்த ஒவ்வொருவரும் அந்தக் கதிரையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

புருசன்காரன் கடைசி வள்ளத்தில் வந்து சேர்ந்தான். கரையில் ஆரோ, மணி ஆஸ்பத்திரிக்காக அடித்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இடுப்புவரை ஈரம், முகத்தில் ரத்தமில்லை, வாசலைத் தாண்டத் துணிவில்லாமல் மண்ணில் குந்திவிட்டான். நான் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எழும்படா! உயிரோட இருக்கிறாள். பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கு. எழும்பிப் போய்ப் பார்!"

அவன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். எழும்பியவன் நேரே மேசைக்குப் போய்க் கையை நீட்டினான். அவனுடையது வேறு குறூப். "உதுக்கும் உதவமாட்டியோ!" என்று தாய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வரிசை முழுதும் சிரித்தது. சிஸ்டர்கூட உள்ளே நின்று சிரித்தார்.

செத்த வீட்டுக்கென்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பெரிய பானையில் கோப்பி போட்டிருந்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்குக் கொடுங்கோ என்றேன். பானை காலியானது.

மத்தியானம் பெட்டையின் உதட்டில் நிறம் வந்தது. பிள்ளையைக் கேட்டாள். வழி திறந்து வான் போகலாம் என்ற செய்தி பின்னேரம் வந்தபோது அவளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பத் தேவை இருக்கவில்லை. மாமியார் மட்டும் என்னைச் சும்மா விடவில்லை. உயிரோடு இருந்தவளுக்கு மணி அடித்த குற்றத்துக்கு நான்தான் பரிகாரம் செய்ய வேண்டும் என்று, திருநீற்று நெற்றியோடு என்னை மாதாவின் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் மெழுகுதிரி கொளுத்த வைத்தாள். "உங்கட முருகனுக்கும் ஒண்டு கொளுத்தும்," என்றாள், "ரெண்டு பேரும் கேட்டவைதானே."

கதை இதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். சில கிழமைக்குப் பிறகு ஊரில் ஒரு வயோதிபர் காலமானார். துக்க மணி கேட்டது, இந்த முறை முறையாக. அடக்கம் முடிந்து வெயில் சாயும் நேரம் எங்கள் வாசலில் ஆறேழு ஆம்பிளைகள் வந்து நின்றார்கள். முன்னுக்குச் சம்மாட்டி.

"என்ன, ஆருக்கு என்ன?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, மிஸ்ஸி. இண்டைக்குத் தொழில் இல்லைத்தானே. எடுக்கிறதெண்டால் எடுங்கோ."

போய்க் கதிரையை எடுத்து விறாந்தையில் போட்டேன், அவர்கள் தூக்கிப் பார்க்க வேண்டுமே.

அப்படியே அது ஊர் வழக்கமாகிவிட்டது. துக்க மணி கேட்டால் ஆம்பிளைகள் முதலில் செத்த வீட்டுக்குப் போவார்கள், அடக்கம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். முன்பெல்லாம் துக்க மணி கேட்டால் எனக்கு நெஞ்சு திடுக்கிடும். பிறகு பிறகு, அந்தச் சத்தத்தோடு குளிர்பெட்டியில் இடம் ஒதுக்க எழும்பிப் போகப் பழகிவிட்டேன். ஊரில் ஒருவர் போன நாளில் எங்கோ ஒரு நெடுந்தீவுக்காரி பிழைப்பதற்கு ரத்தம் சேர்ந்தது. பெருமையாக இருந்தது எனக்கு, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சமாதான காலம் வந்தது. வழி திறந்தது, வெளிநாட்டுக்குப் போனவர்கள் பெட்டி பெட்டியாகச் சாமானோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் குளிர்பெட்டிக்கு மின்சாரம் வந்தது. மாமியாருக்குத்தான் சுகமில்லாமல் போனது. இருதயம் களைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் காட்டி, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், "அப்ப என்னை அந்த வாய்க்காரியிட்டைக் கொண்டுபோய் விடுங்கோ" என்றாளாம். யன்னலோரக் கட்டிலைக் கொடுத்தேன். மருமகள் காலையும் மாலையும் வந்து கஞ்சி பருக்கினாள். "கிளியே" என்றுதான் இப்போது கூப்பிடுவாள், ஊருக்கே கேட்க.

ஒருநாள் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"மிஸ்ஸி, என்ர மணியை நீர்தான் அடிக்க வேணும்."

"உந்த விசர்க்கதையை விடுங்கோ. ஏன், மணி அடிக்கிறவருக்குக் கை இல்லையோ?"

"அவர் அடிச்சால் ஆக்கள் செத்துப்போகினம். நீர் அடிச்சால் ஒருத்தியும் சாகிறேல்லை."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு மருந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டுக் குசினிக்குப் பின்னால் போய் அழுதேன்.

அவள் போனது ஒரு காலையில், மருமகளின் கையைப் பிடித்தபடி. மணி அடிக்கிறவர் ஒன்றும் கேட்காமல் கயிற்றை என்னிடம் தந்தார், சொல்லி வைத்திருக்கிறாள் போல. இத்தனை வருடத்தில் எனக்கு நிறை கூடியிருந்தது. இப்போது நினைத்தால் கடகடவென்றுகூட அடிக்கலாம். ஒரு அடி அடித்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு இன்னொரு அடி. இடைவெளியில் பழையபடி "முருகா" என்றுதான் வாய் சொன்னது. கடைசி அடி ஓய்ந்த பிறகும் கயிற்றை விடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஆராவது வந்து, ஏன் மணி அடித்தாய் என்று என்னைத் திட்டமாட்டார்களா என்றிருந்தது. கரையில் வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அடக்கம் முடிந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது விறாந்தையில் வரிசை நின்றது. வழக்கமாக ஆம்பிளைகள்தான் வருவார்கள். அன்றைக்கு வரிசையின் முதலில் மருமகள் நின்றாள், வெள்ளைச் சேலையோடு. பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற அளவு வளர்ந்த மகள், பெத்தாச்சியின் அதே மூக்கோடு.

"நீ ஏன் பிள்ளை? நீ காலமை தொட்டு ஒண்டும் சாப்பிடேல்லை."

"கோப்பியும் பாணும் சாப்பிட்டனான். உடம்பு நல்லா இருக்கு, சிஸ்டரிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான்." கையைக் கதிரைச் சட்டத்தில் நீட்டி வைத்தாள். "மாமியின்ரையைத்தான் நீங்கள் அண்டைக்கு எடுக்கேல்லை. அவவின்ரையாய் நினைச்சு என்ரையை எடுங்கோ."

நாளத்தைத் தேடினேன். கண்ணுக்குள் தண்ணீர் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை.

"மிஸ்ஸி, அழுதுகொண்டு குத்தாதேயுங்கோ. பிள்ளை பயப்பிடப்போறாள்."

"வாயைப் பொத்திக்கொண்டு கையை நேரா வை," என்றேன். ஊசி முதல் குத்திலேயே சரியாக ஏறியது. முடிந்ததும் அவள் எழும்பி, மகள் பார்த்துக்கொண்டு நிற்க, கதிரையைத் தூக்கிக் காட்டினாள்.